பேர் போன ப்ரோமிலியாட்கள்: ஒரு மொட்டை மாடி கலெக்ஷனோட நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னைக்கு தெற்கால, தாம்பரம் பக்கம் ஒரு ரெண்டு மாடி வீடு. வீட்டுக்காரம்மா ரிட்டயர்டு டீச்சர், பேர் போட வேணாம்னு கேட்டுக்கிட்டாங்க, அதனால இதுல டீச்சர்னே சொல்றேன், அவங்க வீட்டுக்காரர் சார். மாடில பாதி இடத்துக்கு 50 சதவீத ஷேட் நெட் கட்டி, கீழ எழுபது தொட்டிக்கு கிட்ட வெச்சிருந்தாங்க, அத்தனையும் ப்ரோமிலியாட், அதாவது அன்னாசி குடும்பத்து செடிங்க. யாரோ பொங்கலுக்கு குடுத்த ஒரு சிவப்பு குஸ்மானியாவுல ஆரம்பிச்சது, அப்புறம் திருச்சூர் மண்ணுத்தி நர்சரிகள், லால்பாக் மலர் கண்காட்சி சமயத்துல பெங்களூர்ல விக்கிறவங்க, கொரியர்ல அனுப்புற ஆன்லைன் ஆட்கள்னு கண்ட இடத்துல வாங்கி சேர்ந்தது.

வாங்கும்போது விக்கிறவர் என்ன பேர் சொன்னாரோ அதையே வெள்ள ப்ளாஸ்டிக் டேக்ல பர்மனென்ட் மார்க்கரால எழுதி சொருகிடுவாங்க. "ரெட் ப்ரோமிலியாட்", "ட்ரைகலர்", "டைகர்", "ஃபயர்பால்" இந்த ரேஞ்சுல. எங்க வாங்கினது, எப்ப வாங்கினதுன்னு நோட்டு எதுவும் கிடையாது, எல்லாம் டீச்சர் தலைக்குள்ள.

இந்தக் குடும்பம் பழக்கமில்லாதவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடறேன். ப்ரோமிலியாட்ல 3000க்கு மேல இனம் இருக்கு, எல்லாமே அமெரிக்கக் கண்டங்கள சேர்ந்தது, மேற்கு ஆப்பிரிக்கால கினி நாட்டுல வளர்ற பிட்கெய்ர்னியா ஃபெலிசியானா ஒண்ணுதான் விதிவிலக்கு. நமக்கு நல்லா தெரிஞ்ச உறவுக்காரன் அன்னாசி, அதுவே போர்ச்சுகீசியர்கள் வழியா வந்ததுதான். அதனால நம்ம ஊர் தாவர வகைப்பாட்டு நூல்கள எடுத்து பேர் தேட வழியில்ல. வீட்டுல வளர்க்கிறதுல பெரும்பாலானது மரத்து மேல தொத்தி வளர்ற வகை, இலைகளோட அடிப்பக்கம் சேர்ந்து ஒரு கிண்ணம் மாதிரி ஆகி அதுல தண்ணி நிக்கும், வேர் முக்கியமா பிடிமானத்துக்கு. ஒரு செடி பெரும்பாலும் ஒரே தடவதான் பூக்கும், அப்புறம் பக்கத்துல கன்னு விட்டுட்டு மெதுவா போயிடும்.

புயலும் மருந்தும்

2023 டிசம்பர் 3, 4 தேதிகள்ல மிக்ஜாம் புயல் மழை. ஷேட் நெட் ஒரு பக்கம் கிழிஞ்சு தொங்கிடுச்சு, தொட்டிங்க உருண்டு ஒண்ணு மேல ஒண்ணு கிடந்துச்சு. மழை விட்டப்புறம் சார் மாடிய கூட்டி, சிதறிக் கிடந்த டேக் எல்லாத்தையும் ஒரு பக்கெட்ல போட்டு வெச்சாரு. அந்த பக்கெட்ட நான் பின்னாடி பாத்தேன், பாதி டேக்ல எழுத்தே இல்ல, மார்க்கர் மை நம்ம வெயிலுக்கு ஒரு வருஷம் ரெண்டு வருஷத்துல வெளுத்துப் போயிடும். டேக் நின்ன தொட்டில எழுத்து இல்ல, எழுத்து இருந்த டேக்குக்கு தொட்டி தெரியல. புயல மட்டும் குத்தம் சொல்றதுக்கில்ல, அது ஏற்கனவே மெதுவா நடந்துக்கிட்டிருந்தத ஒரே ராத்திரில முடிச்சு வெச்சுது.

அடுத்த வாரத்துல ரெண்டு மூணு குஸ்மானியால குருத்து அழுக ஆரம்பிச்சதும் டீச்சருக்கு பயம் வந்துடுச்சு. உரக்கடைல கேட்டாங்க, "மழைக்கு அப்புறம் பூஞ்சாணம் வரும்மா, காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு மூணு கிராம் போட்டு அடிங்க"ன்னு குடுத்துட்டாங்க. கடைக்காரர் சொன்னது தக்காளிக்கும் மிளகாய்க்கும் சரியான யோசனைதான், அவர்கிட்ட என்ன செடின்னு யாரும் சொல்லல. சாரும் பக்கத்து வீட்டு பையனும் சேர்ந்து ஸ்ப்ரேயர்ல ரொப்பி, கிண்ணத்துக்குள்ள தேங்குற அளவுக்கு எல்லாத்தையும் நல்லா நனைச்சு அடிச்சாங்க. டேங்குக்கு பின்னாடி நெட்டுக்கு வெளிய இருந்த பத்துப் பன்னெண்டு தொட்டிக்கு போறதுக்குள்ள மருந்து தீந்துடுச்சு, இன்னொரு லோடு கரைக்க சோம்பல்பட்டு விட்டுட்டாங்க. அந்த சோம்பல் எவ்ளோ உதவுச்சுங்கறது அப்புறம் வரும்.

பார்த்தது என்ன

பொங்கல் முடிஞ்சு டீச்சர் கூப்பிட்டு நான் போனப்ப மாடில பாதி செடி சீக்கு. "மழை ஜாஸ்தியாயிடுச்சு தம்பி, அதான் எல்லாம் அழுகுது"ன்னாங்க. கிட்ட உக்காந்து பாத்தா ஒரே நோய் மாதிரி தெரிஞ்சது மூணு வேற வேற சேதம்.

ஒண்ணு வெயில் சுட்டது. நெட் கிழிஞ்ச பக்கம் இருந்த செடிகள்ல, இலை வளையிற இடத்துல, வானத்த பாத்த பக்கம் மட்டும், வெளுத்து காஞ்ச பேப்பர் மாதிரி திட்டு. அது பரவாது, அசிங்கமா இருக்கும் அவ்ளோதான்.

இன்னொண்ணு நிஜமான அழுகல். குருத்த ரெண்டு விரலால புடிச்சு லேசா இழுத்தா கையோட வந்துடும், அடில கொழகொழன்னு, கெட்ட வாடை. இது நாலஞ்சு தொட்டிலதான் இருந்துச்சு, அதுவும் மண்கலவைல தோட்ட மண்ணும் கோகோபீட்டும் கெட்டியா அடச்சு வெச்ச தொட்டிங்க.

மூணாவதுதான் பெரும்பான்மை. வெளி இலைங்க பாக்க பரவால்ல, ஆனா நடுவுல வர்ற புது இலைங்க அடிலேர்ந்து பழுப்பாகி, வாடை இல்லாம, அப்படியே வளர்ச்சி நின்னு காஞ்சுகிட்டு இருந்துச்சு. இழுத்தா வரல. கிண்ணத்துல தண்ணி நிக்கிற மட்டத்துக்கு இலைல ஒரு நீலப்பச்சை பொடிக்கோடு. நியோரெஜிலியா, குஸ்மானியா ரெண்டும் மோசம், கட்டைல கட்டி தொங்கவிட்டிருந்த சின்ன டில்லான்சியாக்கள் அனேகமா முழுசும் காலி.

டேங்குக்கு பின்னாடி போய் பாத்தா அங்க இருந்தது எல்லாம் நல்லா இருக்கு. அதே மழை, அதே தண்ணி, சொல்லப்போனா அங்க மழை நேரா விழுந்திருக்கு. வித்தியாசம் மருந்து மட்டும்தான், அதுல இருக்கிறது காப்பர், அதாவது தாமிரம். ப்ரோமிலியாடுக்கு தாமிரம் ஆகாதுங்கறது இந்தப் பொழப்புல இருக்கிறவங்க ரொம்ப காலமா சொல்ற விஷயம், இலை மேல இருக்கிற நுண்ணிய செதில்கள் வழியா தண்ணியயும் சத்தயும் நேரடியா உறிஞ்சுற செடி இது, அதே வழியா தாமிரமும் உள்ள போயிடுது. டில்லான்சியாவ தாமிரக் கம்பியால கட்டாதேன்னு சொல்றதும் இதே காரணத்துக்குத்தான். லேப்ல குடுத்து டெஸ்ட் எதுவும் பண்ணல, ஆனா மருந்து பட்டது படாததுன்னு ரெண்டு கூட்டம் கண்ணு முன்னாடி இருந்ததால இந்த முடிவுக்கு வந்தோம்.

உடனே எடுத்த முடிவுகள்

முதல் வேலை கழுவுறது. எந்தத் தண்ணில கழுவுறதுன்னு ஒரு விவாதம் நடந்துச்சு. போர் தண்ணி, கரைஞ்ச உப்ப அளக்குற டிடிஎஸ் மீட்டர்ல 1400 பக்கம் காட்டுச்சு, இலைல வெள்ள உப்புக்கோடு ஏற்கனவே இருந்துச்சு. அதவிட மோசம், ஆர்ஓ மெஷின்லேர்ந்து வெளிய போற வேஸ்ட் தண்ணிய வீணாக்கக் கூடாதுன்னு டீச்சர் இத்தன நாளா செடிக்குத்தான் ஊத்திக்கிட்டிருந்தாங்க. நிறைய வீட்டுல இந்த பழக்கம் இருக்கு, அது உப்பு செறிஞ்ச தண்ணி, தரை துடைக்கலாம், பாத்ரூம் கழுவலாம், கிண்ணத்துல தண்ணி நிக்கிற செடிக்கு மட்டும் வேணாம். ஏசி தண்ணி சுத்தமாச்சேன்னு சார் கேட்டாரு, காயில் தாமிரமா இருக்கலாம், ஏற்கனவே தாமிரத்துல அடிபட்ட செடிக்கு அந்த ரிஸ்க் வேணாம்னு விட்டோம். கடைசில ட்ரம்ல புடிச்சு வெச்சிருந்த மழைத்தண்ணி, அது தீந்ததும் ஆர்ஓ நல்ல தண்ணி. தொட்டிய தலைகீழா கவுத்து கிண்ணத்த காலி பண்ணி, ரொப்பி, மறுபடி கவுத்து, இப்படி சில வாரம் ஓடுச்சு.

அழுகினதுல குருத்த முழுசா எடுத்து, அடி காயட்டும்னு கலவைய மாத்தி வெச்சோம். தேங்காய் மட்டை சிப்ஸ், கரித்துண்டு, கொஞ்சம் பெர்லைட், மண்ணே கிடையாது. நடுக்குருத்து போனாலும் தண்டு உசுரோட இருந்தா கன்னு விடும், அதனால தாய்ச்செடிய தூக்கி எறியல. உரம் எல்லாம் நிறுத்தியாச்சு. முன்னாடி 19:19:19 கரைச்சு கிண்ணத்துக்குள்ளயே ஊத்துவாங்களாம், அதுல இருக்கிற நைட்ரஜன் அளவுக்கு நியோரெஜிலியா பச்சையா நீட்டமா இழுத்துக்கிட்டு போயிருந்துச்சு, பேர் கண்டுபிடிக்கும்போது இதுவும் ஒரு தலைவலியா வந்து நின்னுச்சு.

பேர் தேடின கதை

டீச்சருக்கு செடி செத்ததவிட பேர் போனதுதான் வருத்தம். நான் போறதுக்கு முன்னாடியே ஃபோட்டோ எடுத்து தோட்டக்கலை வாட்ஸ்அப் குரூப்ல போட்டிருக்காங்க. வெள்ளி பட்டை போட்ட ஒரே ஒரு செடிக்கு பில்பெர்ஜியா, வ்ரீசியா, ஏக்மியான்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லி, கடைசில ஒருத்தர் கற்றாழைன்னு முடிச்சு வெச்சிருந்தாரு.

இலைய ஃபோட்டோ எடுத்து பேர் கேக்கிறதுல என்ன பிரச்சனைன்னா, இந்த செடிகளோட நிறமும் வடிவமும் வெளிச்சத்த பொறுத்து அவ்ளோ மாறும். நல்ல வெளிச்சத்துல குட்டையா, அகலமா, செவப்பா இருக்கிற நியோரெஜிலியா நிழலுக்கு போனா பச்சையா ஒல்லியா ஆளே மாறிடும். வகைப்பாட்டு ஆட்கள் (லைமன் ஸ்மித்தும் ராபர்ட் டௌன்ஸும் 1974லேர்ந்து 1979 வரைக்கும் மூணு பாகமா எழுதின நூல்தான் இன்னிக்கும் அடிப்படை) பூவுக்குத்தான் அவ்ளோ முக்கியத்துவம் குடுக்கிறாங்க, சூல்பை இதழுக்கு மேல இருக்கா கீழ இருக்கா, இதழோட அடில உள்பக்கம் குட்டி செதில் இருக்கா இல்லையா, இந்த மாதிரி. அதனால டீச்சர்கிட்ட நான் வெச்ச யோசனை, பேர இப்ப விட்டுடலாம், எல்லாத்துக்கும் முதல்ல நம்பர் போடலாம், பேர் பூ வரும்போது வரட்டும். அவங்களுக்கு இது பிடிக்கல, "நம்பர் போட இது என்ன ஜெயிலா"ன்னாங்க. ஆனா ஒத்துக்கிட்டாங்க.

நம்பர் போட்டு நோட்டுல எழுத ஆரம்பிச்சப்பதான் ஒரு நல்லது நடந்துச்சு. ஒவ்வொரு தொட்டியா பாக்கும்போது டீச்சருக்கு எங்க வாங்கினது, யார்கூட போனப்பன்னு ஞாபகம் வந்துகிட்டே இருந்துச்சு, அதையும் எழுதினோம். மொபைல்ல பழைய ஃபோட்டோக்கள் இருந்துச்சு, அதுல தேதி இருக்கே, சிலதுல பின்னாடி டேக் கூட படிக்க முடிஞ்சுது. டேக் இனிமே மார்க்கர் இல்ல, சொரசொரப்பு ப்ளாஸ்டிக்ல சாதா பென்சில், இல்லாட்டி அலுமினிய பட்டைல பால்பாயிண்ட் பேனாவால அழுத்தி பள்ளமா பதியிற மாதிரி. ஆன்லைன்ல அழகா தாமிர டேக் விக்கிறாங்க, டீச்சர் கார்ட்ல போட்டு வெச்சிருந்தாங்க, நல்லவேளை ஆர்டர் பண்ணல. ஒவ்வொரு தொட்டிலயும் ரெண்டு டேக், ஒண்ணு வெளிய, ஒண்ணு கலவைக்குள்ள புதைச்சு.

அடுத்து பிரிக்கிற வேலை. கண்ண நம்பாம விரல நம்பினோம். இலை ஓரத்துல விரல ஓட்டிப் பாத்தா முள்ளோ பல்லோ தட்டுப்பட்டா மாடியோட ஒரு பக்கம், வழவழன்னு இருந்தா இன்னொரு பக்கம். குஸ்மானியா, வ்ரீசியா, டில்லான்சியா மூணுக்கும் ஓரம் வழவழப்பு. ஏக்மியா, நியோரெஜிலியா, பில்பெர்ஜியா, க்ரிப்டாந்தஸ், அன்னாசி இதுக்கெல்லாம் பெரும்பாலும் முள். இந்த ஒரு சோதனைலயே வாட்ஸ்அப்ல அடிபட்ட அந்த வெள்ளி பட்டை செடி, எங்க கணக்குல 14ம் நம்பர், "டைகர் வ்ரீசியா"ன்னு வாங்கினது, வ்ரீசியா இல்லைன்னு ஆயிடுச்சு, ஓரத்துல நல்ல கருப்பு முள்.

முள் பக்கத்துல வேற ரெண்டு ஆச்சரியம். மண்ணோட ஒட்டி நட்சத்திரம் மாதிரி படர்ந்திருந்த அஞ்சாறு தொட்டி க்ரிப்டாந்தஸ், அது தரைல வளர்ற வகை, கிண்ணமே கிடையாது, வேரால தண்ணி குடிக்கும். இதுக்கும் நடுவுல தண்ணி தேங்குற மாதிரி ஊத்தி பாதிய அழுக விட்டிருந்தாங்க. இன்னொண்ணு நெட்டுக்கு கீழ இருட்டு மூலைல ஈரக் கலவைல வாடிக்கிட்டிருந்த ஒரு முள்ளுச்செடி, டீச்சர் அது ஏதோ ஃபேன்சி கற்றாழைன்னு நெனச்சிருந்தாங்க. ஒரு இலை ஓரத்த கீறிப் பாத்தோம், கற்றாழைன்னா வழவழன்னு சாறு வரணும், வரல, இலை விறைப்பா, அடிப்பக்கம் வெள்ளி கோடு கோடா செதில், முள் கொக்கி மாதிரி வளைஞ்சு. டிக்கியா அது. பாறை இடுக்குல வெயில்ல வளர்ற ஜாதி. வாட்ஸ்அப்ல கற்றாழைன்னு சொன்னவர் செடிய மாத்தி சொல்லிட்டாரோ என்னமோ. முழு வெயிலுக்கு மாத்தி, ஜல்லிப்பொடி கலந்த கலவைல வெச்சதும் அந்த கோடைலயே புது இலை போட்டுச்சு. பேரினம் வரைக்கும் தெரிஞ்சாலே பராமரிப்புக்கு போதும்னு நான் சொல்றதுக்கு இந்த ரெண்டும்தான் காரணம், கடைசி பேர் வரைக்கும் போறது ஆசைக்கு.

நியோரெஜிலியாவுக்கு தனி வரிசை. "ட்ரைகலர்", "ரெட்", "கரோலினே", பேர் அழிஞ்சது ஒண்ணுன்னு நாலு தொட்டி, பாக்க நாலும் நாலு விதம். புது நெட் போட்டப்புறம் நாலையும் ஒரே வெளிச்சத்துல பக்கத்து பக்கத்துல வெச்சு, உரம் இல்லாம கத்திரி வெயில் முடியிற வரைக்கும் விட்டோம். பழைய இலை மாறாது, புதுசா வர்ற இலைய மட்டும்தான் ஒப்பிடணும், இது முக்கியம், நிறைய பேர் பழைய இலைய வெச்சு தீர்ப்பு சொல்லிடறாங்க. ஜூன்ல பாத்தா மூணு தொட்டில புது இலை அகலம், பல்லோட அளவு, நுனி எல்லாம் ஒண்ணுபோல. டீச்சர் நோட்ட புரட்டினா மூணும் ஒரே நர்சரி, வேற வேற வருஷம். மூணு பேருக்கு மூணு விலை குடுத்து ஒரே செடிய வாங்கியிருக்காங்க.

நாலாவது தனி ஆளு, இலை நுனில நகப்பாலிஷ் போட்ட மாதிரி சிவப்பு, அடிப்பக்கம் சாம்பல் பட்டை. ஸ்பெக்டாபிலிஸ்ங்கற இனம்னு சொல்லத் தோணும், ஆனா அந்த நுனி அதோட கலப்பினங்களுக்கும் வரும், அதனால "நியோரெஜிலியா, ஸ்பெக்டாபிலிஸ் சாயல்"னு மட்டும் எழுதினோம்.

அந்த மூணுல ஒண்ணு ஆகஸ்ட்ல பூத்துச்சு. நியோரெஜிலியா பூ வெளிய நீட்டிக்கிட்டு வராது, கிண்ணத்து தண்ணிக்குள்ளயே மொட்டுக்கூட்டம், தினம் காலைல ஒண்ணு ரெண்டு ஊதாப்பூ தலைய காட்டும், மத்தியானம் பாக்கப் போனா மூடியிருக்கும். டீச்சர் காபிக்கு முன்னாடி மாடி ஏறி ஃபோட்டோ எடுத்துடுவாங்க. ஒரு நாள் ஒரு பூவ கீழ வரைக்கும் உருவி எடுத்து, நியூஸ்பேப்பர் மேல வெச்சு, ப்ளேடால நீளவாக்குல பொளந்து பாத்தோம். சூல்பை கீழ, வெள்ளையா, குண்டா. இதழ உரிச்சு உள்பக்கம் லென்ஸ்ல பாத்தா செதில் எதுவும் இல்ல, வழவழப்பு. ஏக்மியாவா இருந்தா அங்க ரெண்டு குட்டி செதில் நிக்கணும். பேரினம் உறுதி. கரோலினேன்னு சொல்ற அளவுக்கு எல்லாம் ஒத்துப் போச்சு, ஆனா கலப்பு இல்லைன்னு சொல்ல ஆதாரம் இல்ல, "கரோலினே வகை"ன்னு நிறுத்திக்கிட்டோம்.

இதுல நாங்க வெச்ச விதி, கல்டிவர் பேர், அதாவது மனுஷங்க தேர்ந்தெடுத்து வளர்த்த ரகத்துக்கு ஒற்றை மேற்கோள் குறிக்குள்ள போடற பேர், வாங்கின இடத்துலேர்ந்து ஆதாரம் தொடர்ச்சியா இருந்தா மட்டும். 1950ல ஆரம்பிச்ச சர்வதேச ப்ரோமிலியாட் சங்கம்தான் இந்த கல்டிவர் பேர்களுக்கு பதிவு அதிகாரி, அவங்க பட்டியல்ல ஃபோட்டோ பாத்து "இது மாதிரி இருக்கே"ன்னு பேர ஒட்டிக்கிட்டா ஒரு பேர்ல பத்து செடி சுத்த ஆரம்பிச்சிடும், சுத்திக்கிட்டும் இருக்கு.

நடுவுல ஒரு சிக்கல், பிங்க் மட்டை பூ விடற டில்லான்சியா சயனியாவ 2016ல வாலிசியாங்கற வேற பேரினத்துக்கு மாத்திட்டாங்க, பட்டை போட்ட வ்ரீசியா ஸ்ப்ளெண்டன்ஸ் அதே வருஷம் லுதேரியா ஆயிடுச்சு. டேக்ல எத எழுதறதுன்னு டீச்சர் கேட்டாங்க. டேக்ல நம்பர் மட்டும் போதும், பேர் நோட்டுல இருக்கட்டும், மாறினா அங்க அடிச்சு எழுதிக்கலாம்னு முடிவாச்சு.

ஆப்பிள் வெச்சு பூக்க வெச்சது

14ம் நம்பர் முள்ளுக்காரன் ஏக்மியாவா பில்பெர்ஜியாவான்னு பூ வந்தாத்தான் தெரியும். பழுத்த பழத்துலேர்ந்து வர்ற எத்திலீன் வாயு ப்ரோமிலியாட பூக்கத் தூண்டும், கேரளால வாழக்குளம் பக்கம் அன்னாசித் தோட்டங்கள்ல எத்திஃபான் ஊத்தி ஒரே சமயத்துல பூக்க வைக்கிறதும் இதே கணக்குதான். டீச்சர் தயங்கினாங்க, "பூவ பாக்கிறதுக்காக தாய சாகடிக்கணுமா?" நியாயமான கேள்வி. அதனால ஏற்கனவே கன்னு விட்ட செடிக்கு மட்டும் பண்ணலாம்னு பேசிக்கிட்டோம்.

கிண்ணத்துத் தண்ணிய கொட்டிட்டு, நல்லா பழுத்த ஒரு ஆப்பிள பக்கத்துல வெச்சு, பெரிய ப்ளாஸ்டிக் கவரால தொட்டியோட மூடி, வெயில் படாத இடத்துல ஒரு வாரம் பத்து நாள். வெயில்ல வெச்சா உள்ள வெந்துடும். 14ம் நம்பரோட சேர்த்து இன்னும் ரெண்டுக்கு பண்ணினோம், அதுல ஒண்ணு இன்னும் வளரணும் போல, அசையவே இல்ல. 14 ரெண்டு மாசம் தாண்டி தண்டு விட்டுச்சு, கிளை பிரிஞ்ச பூத்தண்டு, கீழ செங்காவி நிறத்துல தொங்குற மட்டைகள் (பூத்தண்டுல வர்ற கலர் இலைங்க), மேல தட்டையா மஞ்சளும் சிவப்புமா. ஏக்மியா சான்டினி கூட்டம். வாட்ஸ்அப்ல ஏக்மியான்னு சொன்ன ஒருத்தருக்கு டீச்சர் தனியா மெசேஜ் போட்டாங்க.

31ம் நம்பர் எங்க விதியவே கேலி பண்ணிடுச்சு. சாம்பல் வெள்ளி பூசின அகல இலை, ஓரம் வழவழப்பு, அதனால வ்ரீசியா பக்கம் போயிருந்துச்சு. அது தானாவே பூத்தப்ப பாத்தா ரோஸ் கலர்ல முள்ளு முள்ளா மட்டைகள் கும்பலா, நடுவுல நீலப்பூ, சந்தேகமே இல்லாம ஏக்மியா ஃபேசியாட்டா. கடைகளுக்கு வர்ற ஃபேசியாட்டால முள் இல்லாம தேர்ந்தெடுத்த வகைங்க இருக்கு, கை குத்தாதுன்னு அதத்தான் வளர்க்கிறாங்க. 'ப்ரைமெரா'ன்னு ஒரு பிரபல கல்டிவர் அப்படித்தான், ஆனா எங்ககிட்ட ஆதாரம் இல்லாததால அந்த பேர எழுதல. விரல் சோதனை முதல் சல்லடைதான், தீர்ப்பு இல்லன்னு நோட்டு அட்டைல டீச்சரே எழுதி வெச்சுட்டாங்க.

கொசு

இது நடுவுல வந்த தனிப் பிரச்சனை. 2024 மழைக்கு முன்னாடி மாநகராட்சி கொசு ஒழிப்பு பொண்ணு ஒருத்தங்க மாடி ஏறி வந்து, டார்ச் அடிச்சு ஒவ்வொரு கிண்ணமா பாத்துட்டு, "அம்மா, ட்ரம்ம மூடி வெச்சிருக்கீங்க, செடிக்குள்ள வளர்க்கிறீங்களே"ன்னாங்க. ரெண்டு தொட்டில புழு நெளிஞ்சது நிஜம். அவங்க சொன்னதுல தப்பே இல்ல, 2016ல அமெரிக்காவோட மியாமி பீச்ல, கொசு பரப்புற ஜிக்கா வைரஸ் பரவினப்ப பொது இடத்துல இருந்த ப்ரோமிலியாடுகளயே பிடுங்கினாங்க.

அதுவரைக்கும் டீச்சர் வேப்பெண்ணெய் ரெண்டு சொட்டு விட்டுக்கிட்டிருந்தாங்க, எண்ணெய் அந்த இலைச் செதில அடச்சிடும், அத நிறுத்தியாச்சு. ஏடிஸ் கொசு முட்டைலேர்ந்து பறக்கிறதுக்கு நம்ம வெப்பத்துல ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அதனால வாரத்துக்கு ரெண்டு தடவ ஓஸ் வெச்சு பீச்சி கிண்ணத்துத் தண்ணிய முழுசா வெளிய தள்ளுறது, மழைக்காலத்துல கூடவே பிடிஐங்கற பாக்டீரியா மருந்து, அது கொசுப்புழுவ கொல்லும், செடிக்கு ஒண்ணும் பண்ணாது. அடுத்த தடவ செக்கிங் வந்தப்ப புழு இல்ல. பீச்சுறதுக்கு போர் தண்ணிதான், மழைத்தண்ணி அவ்ளோ கிடைக்காது, கடைசியா கிண்ணம் ரொப்புறது மட்டும் நல்ல தண்ணி.

என்ன ஆச்சு

மருந்து பட்டதுல கிட்டத்தட்ட பாதி தாய்ச்செடி போயிடுச்சு. டில்லான்சியா எதையும் காப்பாத்த முடியல. ஆனா குருத்து செத்த நியோரெஜிலியா, ஏக்மியாக்கள்ல நிறைய 2024 ஆடி ஆவணி வாக்குல அடிலேர்ந்து கன்னு விட்டுச்சு, தாயோட மூணுல ஒரு பங்கு, பாதி சைஸ் வந்தப்புறம் பிரிச்சு வெச்சோம். குஸ்மானியா அந்தளவுக்கு தேறல. டேங்குக்கு பின்னாடி இருந்த அந்த வரிசைதான் இப்ப கலெக்ஷனோட முதுகெலும்பு, புதுக் கன்னுங்க பலதும் அதுலேர்ந்து வந்தது. 2025 கோடைல தொட்டி எண்ணிக்கை பழைய அளவ தாண்டிடுச்சு.

பேர் விஷயத்துல, எல்லாத்துக்கும் பேரினம் தெரியும். இனம் வரைக்கும் நம்பிக்கையா எழுதினது பாதிகூட இல்ல. கல்டிவர் பேர் ஆதாரத்தோட இருக்கிறது கைவிரல் விட்டு எண்ணிடலாம். டீச்சருக்கு ஆரம்பத்துல இது குறையா பட்டுச்சு, இப்ப யாராவது வந்து "இது என்ன பேரு"ன்னா நம்பர சொல்லி, நோட்ட எடுத்து எந்த ஊர்ல எந்த வருஷம் வாங்கினதுன்னு கதையே சொல்றாங்க.

இனி மாத்தப் போறது

புது செடி வந்தா மத்ததோட சேர்க்காம தனியா வெச்சு, அன்னிக்கே நம்பர், ஃபோட்டோ, வாங்கின இடம், விக்கிறவர் சொன்ன பேர் அப்படியே அவர் சொன்ன மாதிரி. தப்பான பேரா இருந்தாலும் அது ஒரு தடயம், திருத்தி எழுதக் கூடாது. எந்த மருந்தா இருந்தாலும் லேபிள்ல காப்பர்ங்கற வார்த்தைய தேடிட்டு, அப்பவும் முதல்ல ரெண்டு தொட்டில மட்டும் அடிச்சு ஒரு மாசம் பாக்கணும். புயல் எச்சரிக்கை வந்தா தொட்டிங்கள ராத்திரியே தரைல நெருக்கி வெக்கணும், டேக் கழண்டாலும் உள்ள புதைச்ச டேக் இருக்கும்.

கன்னு குடுக்கும்போது நம்பரையும் சேர்த்து எழுதிக் குடுக்கிறாங்க, வாங்கிட்டு போனவங்களுக்கு அங்க பூத்தா அந்த நம்பர சொல்லி ஃபோட்டோ அனுப்பணும்னு கண்டிஷன். இதுல ஏற்கனவே ஒரு பில்பெர்ஜியா பிரமிடாலிஸ் உறுதியாச்சு, டீச்சர் வீட்டுல பூக்காம, மடிப்பாக்கத்துல ஒரு பால்கனில பூத்து.

47ம் நம்பர் இன்னும் பாக்கி. கரும்பச்சை, மெல்லிசான முள், குழாய் மாதிரி ஒடுங்கின கிண்ணம், வாங்கின இடம் டீச்சருக்கும் ஞாபகமில்ல. ஆப்பிள் வெக்கலாமான்னு போன மாசம் பேச்சு வந்துச்சு. இன்னும் ஒரு கன்னு கூட விடல, விட்டப்புறம் பாத்துக்கலாம்னு டீச்சர் சொல்லிட்டாங்க, எனக்கும் அதான் சரின்னு படுது.